சுவை இல்லாத சிவப்பு

நான் தைத்துக் கொடுத்த துணியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு மும்தாஜ்" என்று சொன்ன ஒரே ஆள் அடுத்த தெரு அக்காதான். முதல் தடவை பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் என் தையல் மெஷின் கிடந்தது. கணவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவார். நான் தெருப்பெண்களுக்கு ஜாக்கெட், சுடிதார், தலையணை உறை என்று தைத்துக் கொடுப்பேன். கை பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது, பட்டன் கோணல் என்று அவர்கள் ஆயிரம் குறை சொல்வார்கள். ருசி சரியில்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அக்கா சொன்னார்.

"லேசா துவர்க்குது. உன் தப்பு இல்ல, நான்தான் சரியா அலசல. குடு, இன்னும் ரெண்டு தண்ணி பாத்துட்டு எடுத்துட்டு வரேன்."

அக்கா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. உயரம், ஒல்லி. கட்டுவதெல்லாம் சாயம் போடாத பருத்திப் புடவைதான். கைகள் மட்டும் அந்த வெளுப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். நகக்கண்ணெல்லாம் செங்கல் நிறம், விரலிடுக்கில் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபிளை அணைத்தபடி சர்ச்சுக்குப் போகும்போதும் அந்தக் கைகள்தான். யாராவது உற்றுப் பார்த்தால் மறைத்துக்கொள்ள மாட்டார். "மஞ்சிட்டி வேர்ச் சாயம். வேரு நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும்" என்று விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அவருடைய பெண்ணுக்குப் பெயர் பிளெஸ்ஸி. நான் பழகத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வலிப்பு வரும். மற்ற நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே வேலை, துணியைக் கடிப்பது. சட்டைக் கை, திரைச்சீலை, தாவணி முனை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முந்தானை, நிறம் இருந்தால் எது கிடைத்தாலும் வாய்க்குள் போகும். பிடுங்கினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். துணி வாயில் இருந்தால் மணிக்கணக்கில் அமைதியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருநாள் உதட்டோரம் எச்சில் பச்சையாக வழிந்திருக்கிறது. அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைப் பாவாடையின் சாயம். வேறு யாராக இருந்தாலும் பாவாடையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டியிருப்பார்கள். அக்கா அந்தப் பாவாடையின் மறு ஓரத்தைத் தன் வாயில் போட்டு மென்று பார்த்தாராம்.

"ஒரு மாதிரி காரல் மும்தாஜ். மண்ணெண்ணெய் வாசனை தொண்டைக்குள்ள போன மாதிரி. தண்ணி குடிச்சும் சாயங்காலம் வரைக்கும் போகல. அதைப் போய் என் பொண்ணு தினமும் தின்னுகிட்டு இருந்திருக்கா."

அதன்பின் வெள்ளைத் துணியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பிளெஸ்ஸி வெள்ளையைத் தொட மாட்டாள். தூக்கி எறிவாள். அவளுக்கு நிறம் வேண்டும், அதிலும் சிவப்பென்றால் விடவே மாட்டாள். தின்றாலும் கெடுதல் இல்லாத ஒரு சிவப்பைத் தேடித்தான் அக்கா சாயத்துக்குள் இறங்கினார். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருந்தவர். பெண்ணுக்காக வேலையை விட்டவர். அளந்து ஊற்றுவதும், குறித்து வைப்பதும், கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் அவருக்குப் பழக்கம்.

நான் போகும்போதெல்லாம் பின்கட்டில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். காடாத் துணியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி நீக்குவார். பால் கலந்த கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பார். அப்புறம் படிகாரம். அதற்கும் அப்புறம்தான் சாயம். மஞ்சிட்டி வேரில் சிவப்பு, மாதுளம்பழத் தோலில் மஞ்சள், வெங்காயச் சருகில் செம்பு நிறம். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். அதில் அலசினால் கடுக்காய் போட்ட துணி சாம்பல் பூத்ததுபோல் கறுத்துவிடும். அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் பாதியைத் துணிக்கு ஊற்றிவிடுவார். மழை பெய்தால் மொட்டை மாடியில் அண்டா, குண்டா, குக்கர் பாத்திரம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு நடுவில் நனைந்தபடி நிற்பார்.

ஒருமுறை தாம்பரம் மார்க்கெட்டுக்கு அவரோடு போயிருந்தேன். வெங்காய மண்டிக்காரர் அவரைப் பார்த்ததுமே சிரித்தார்.

"இன்னாம்மா, வெங்காயத்த வுட்டுட்டு தோல மட்டும் அள்ளிகினு போற? வூட்ல அத்த வச்சு இன்னா கொயம்பு வைக்கிற?"

"குழம்பு இல்லண்ணா. பொண்ணு சாப்பிடறதுக்கு" என்றார் அக்கா, சாக்கை அமுக்கிக் கட்டியபடி. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. மண்டிக்காரருக்குத்தான் சிரிப்பு நின்றுபோயிற்று.

சாயம் ஏறிய துணியை அவர் ஏழெட்டுத் தண்ணீரில் அலசுவார். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு முனையைக் கடித்துப் பார்ப்பார். துவர்ப்போ கசப்போ இருந்தால் மறுபடி அலசல். கடைசியில் ஒரு சுவையும் இல்லாமல், வெறும் நூலாக நாக்கில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் என்னிடம் வரும். நான் அதைச் சுருட்டி, பஞ்சடைத்து, வளையமாகவும் மீனாகவும் முடிச்சுப் போட்ட கயிறாகவும் தைத்துக் கொடுப்பேன். அவற்றுக்குக் கடிதுணி என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கோவிலம்பாக்கம் பக்கம் பிளெஸ்ஸி போய்க்கொண்டிருந்த சின்ன சிறப்புப் பள்ளியில் அவளைப் போலவே கடிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்த அம்மாக்கள் கேட்டார்கள். அவர்கள் சொல்லி வேறு அம்மாக்கள் கேட்டார்கள். ஒரு வருஷத்தில் ஜாக்கெட் தைப்பதை நான் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலை வந்தது.

ஒருநாள் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. அக்கா சாயம் போட்டுக் கொடுக்கும் நூலில்தான் தைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுநாள் கொடுத்தாக வேண்டிய அவசரத்தில் கடை நூலைக் கோத்து, கடைசி நாற்பது வளையங்களை முடித்துவிட்டேன். நிறம் அச்சாக ஒன்றாகத்தான் இருந்தது. அக்கா வந்து உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து, தையல் ஓடிய இடமாகப் பார்த்துக் கடித்தார். என்னைத் திட்டவில்லை. "பிளேடு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்று மதியம் முழுக்க என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நாற்பதையும் தானே பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்கப் போனபோது, "நீ போய் சமையலைப் பாரு" என்றார். அப்படியொரு அவமானத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை. அதன்பிறகு கடை நூலைத் தொடவும் இல்லை.

துணியில் மட்டும் இப்படி இருந்திருந்தால் நான் அவரை ஒரு விசித்திரமான மனுஷி என்று நினைத்து விட்டிருப்பேன். ஆனால் பிளெஸ்ஸிக்கு எது போனாலும் அது முதலில் அவர் வழியாகத்தான் போகும். குளிக்க வார்க்கும் வெந்நீரை முதலில் தன் தோளில் ஊற்றிக்கொள்வார். புதுச் செருப்பு வாங்கினால் அதற்குள் தன் முன்பாதத்தை நுழைத்து நாலு எட்டு வைப்பார். சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதற்குமுன் ஒரு வாரம் பள்ளி வேனின் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து போய் வந்திருக்கிறார். டிரைவர் எந்த மேட்டில் தூக்கிப் போடுகிறார், எந்த இடத்தில் ஹாரனை அலறவிடுகிறார் என்று பார்ப்பதற்காக.

பிளெஸ்ஸிக்குப் பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தைத்த துணிகளோடு போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தார், கடைவாயில் எச்சில் ஒழுகியபடி. அடுப்பில் பாத்திரம் வற்றிப் புகைந்துகொண்டிருந்தது. பிளெஸ்ஸி சமையலறைத் தரையில், ஆறிப்போன சாயத் தண்ணீரில் முழங்கை வரை விட்டு அடித்துக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் சிவப்பு. அடுப்பை அணைத்துவிட்டு அக்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா! அக்கா! என்னாச்சு?"

கண்ணைத் திறக்கவே ரொம்ப நேரம் ஆனது. "புது மாத்திர... டாக்டர் மாத்திக் குடுத்தாரு. நைட்ல இருந்து இவளுக்குக் குடுக்கணும். அதான் எப்படி இருக்குன்னு..."

"நீங்க போட்டுப் பாத்தீங்களா? பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? அடுப்பு எரியுது, கதவு தொறந்து கெடக்கு, புள்ள வெளிய போயிருந்தா?"

நான் அழுதுகொண்டே கத்தினேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நாக்கு இன்னும் குழறியது.

"அவளுக்கு எப்படி இருக்குன்னு அவ சொல்ல மாட்டாளே மும்தாஜ். யாராவது சொல்லணும் இல்ல?"

மறுநாள் டாக்டரிடம் போய், நாக்கு தடிக்கிறது, தலை கனக்கிறது, காரணமே இல்லாமல் பயமாக வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கன்னாபின்னாவென்று திட்டினாராம். திட்டிவிட்டு, மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்து எழுதினாராம். அக்கா அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பயமும் பாசமும் ஒன்றாக வந்தன. இந்தப் பெண் இல்லாமல் இந்த அம்மா என்ன ஆவார் என்று அன்றைக்கு முதல் தடவையாக நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அல்லாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் நகரத்தில் ஒரு கைவினைக் கண்காட்சி நடந்தது. சிறப்புப் பள்ளிக்கு அதில் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். கடிதுணிகளை வைப்பதற்கு எங்களைக் கேட்டார்கள். சாயத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல அக்காவும் வந்தால் நல்லது என்றார்கள். அக்கா உடனே மாட்டேன் என்றுவிட்டார். பிளெஸ்ஸி பிறந்ததிலிருந்து ஒரு முழுநாள் அவளை விட்டு அவர் இருந்ததில்லை.

எனக்கு ஆசை. என் கைத்தையல் நாலு பேர் கண்ணில் படும். பெரிய பெரிய கடைக்காரர்கள் வருவார்கள். அதைவிட, எப்போதும் கொதிக்கும் தண்ணீருக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் நடுவிலேயே கிடக்கிற இந்த அக்கா ஒருநாளாவது வெளியில் வரட்டும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன்.

"ஒரே ஒரு நாள்தான்க்கா. அண்ணன் லீவு போட்டுப் பாத்துக்கட்டும். பெத்த அப்பாதானே? காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்."

அண்ணன் என்று நான் சொன்னது அவர் கணவரை. ரயில்வேயில் கிளார்க். அதிகம் பேசாத, நல்ல மனிதர். அவரும், "போயிட்டு வாயேன். நான் இருக்கேன்ல" என்றார். அக்கா இரண்டு பக்கத் தாளில் எந்த நேரத்துக்கு என்ன என்று எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். முதல் ஒரு மணி நேரம் அவர் மேசையில் உட்காரவே இல்லை. கண்காட்சி வாசலில் ஒரு பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போன் இருந்தது. பதினொன்றரைக்கு அதில் வீட்டுக்குப் பேசினார். "விளையாடிட்டு இருக்கா" என்றாராம் அண்ணன். ஒரு மணிக்குப் பேசியபோது அண்ணன் சொன்னாராம்: "சாப்ட்டா. மாத்திர குடுத்துட்டேன். தூங்கப் போறா. நானும் பக்கத்துலயேதான் படுத்திருக்கேன். நீ நிம்மதியா இரு."

அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வந்தவர்களுக்கு மஞ்சிட்டி வேரைக் காட்டி விளக்கம் சொன்னார். ஒரு அம்மா, ஏழெட்டு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் தன் கையையே கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தான். அக்கா ஒரு வளையத்தை அவன் கையில் வைத்தார். அவன் அதைக் கடித்தான். கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்து அமைதியாக மெல்லத் தொடங்கினான். அந்த அம்மா அக்காவின் கறை படிந்த கைகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள். அக்கா அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். "சாப்பிட்டீங்களா?" என்று அவளைக் கேட்டார்.

மூன்று மணிக்கு மறுபடி போய் போன் போட்டார். நானும் கூடப் போயிருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். எடுக்கவில்லை.

"என்ன மும்தாஜ், எடுக்க மாட்டேங்கறாரு?"

"அண்ணனும் தூங்கியிருப்பாரு. பாவம், அவருக்கு என்னைக்கு மத்தியானத் தூக்கம் கிடைச்சிருக்கு? விடுங்கக்கா" என்று சிரித்தேன்.

அக்கா ரிசீவரை ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவரும் சிரித்தார். "ஆமா. குறட்டை விட்டார்னா இடி விழுந்தாலும் தெரியாது அவருக்கு." பக்கத்துக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் ரோஸ் மில்க் குடித்தோம். அவர் அதை வாயில் வைத்து நிதானமாகச் சுவைத்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்றதும் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி நடந்து வரும்போது ஐந்தரை மணி. தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் அத்தனை செருப்புகள். அக்கா என் கையிலிருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பிளெஸ்ஸிக்குத் தூக்கத்தில் வலிப்பு வந்திருக்கிறது. குப்புறப் புரண்டிருக்கிறாள். பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் அயர்ந்து தூங்கிவிட்டார். அவர் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. போன் அடித்தது அப்போதா, அதற்கு முன்னாலா என்று அவருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்த பெண்கள், லேஸ் வைத்த வெள்ளை கவுன் கொண்டு வந்தார்கள். அக்கா அதைப் பார்த்ததும், "வெள்ள வேணாம். அவளுக்கு வெள்ளன்னாலே ஆகாது" என்றார். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா, தேவதை மாதிரி அனுப்பி வைக்கணும்" என்றார் ஒரு வயதான அம்மா. அக்கா இன்னொரு தடவை சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளையைத்தான் போட்டார்கள். என் வீட்டில் பிளெஸ்ஸி அளவுக்குத் தைத்து முடித்த சிவப்புப் பாவாடை இருந்தது. ஓடிப் போய் எடுத்துவர ஐந்து நிமிஷம் ஆகாது. மற்றவர்கள் வீட்டுச் சாவில் நான் எப்படி வாயைத் திறப்பது என்று சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனால், பிளெஸ்ஸியின் கட்டிலில் அக்கா குப்புறக் கிடந்தார். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவரைப் புரட்டினேன். மூச்சு வாங்கியது. கண் தெளிவாகத்தான் இருந்தது.

"சாகப் போகல. பயப்படாத" என்றார்.

"பின்ன என்னக்கா பண்றீங்க?"

"அவர்கிட்ட கேட்டேன், எப்படிக் கிடந்தான்னு. கை எங்க இருந்துச்சு, தலை எந்தப் பக்கம்னு. அதே மாதிரி படுத்துப் பாத்தேன்." எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் தெரியல மும்தாஜ். எனக்குத்தான் வலிப்பு வராதே. எப்படித் தெரியும்?"

தரையில் கொட்டிய சோற்றை இரண்டு பேருமாக அள்ளினோம். அதன்பிறகு மதியங்களில் நான் மெஷினை மூடிவிட்டு அவர் வீட்டிலேயே போய் இருந்தேன். பின்கட்டில் ஊறிக்கொண்டிருந்த கடுக்காய்த் தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது. நான்தான் கொட்டிக் கழுவினேன். அண்ணனை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டார். அண்ணன்தான் மாறிப்போனார். லீவு நாட்களில் மதியம் படுக்க மாட்டார். முன்னறை நாற்காலியில் முதுகு சாயாமல் விறைப்பாக, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பார்.

கண்காட்சியில் அழுத அந்த அம்மா, பள்ளியில் முகவரி வாங்கிக்கொண்டு ஒருநாள் வந்தாள். விஷயம் அவளுக்குத் தெரியாது. பையன் வேறு எதையும் கடிக்க மாட்டேன் என்கிறான், இன்னும் பத்து வளையம் வேண்டும் என்றாள். நான் வாசலிலேயே அவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா வெளியே வந்துவிட்டார். அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பள்ளிக்கூட நோட்டில் நான்கு பக்கம் எழுதினார். எவ்வளவு துணிக்கு எவ்வளவு வேர், எத்தனை நாள் ஊறல், எந்தத் தண்ணீர், எத்தனை அலசல். பிறகு பாத்திரங்கள், மீதி இருந்த மஞ்சிட்டி, கடுக்காய்ப் பொடி எல்லாவற்றையும் சாக்கில் கட்டினார்.

"கடைசில நீங்க வாயில வெச்சுப் பாருங்க" என்றார் அவளிடம். "ஒவ்வொரு தடவையும் நீங்களே பாருங்க. வேற யாரையும் நம்பாதீங்க."

அதைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

ஐந்து மாதத்தில் அண்ணன் மதுரைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். சாமான்கள் முன்பே லாரியில் போய்விட்டன. இரண்டு பெட்டிகள் மட்டும். வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. அண்ணன் தண்ணீர் வாங்கக் கடைப்பக்கம் போனார். ஐந்து மாதமாக நாக்கு நுனியில் நின்றதை நான் அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்களைக் கூப்பிட்டிருக்கவே கூடாதுக்கா."

உன் தப்பு இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள்? அக்கா தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "கூப்பிட்டிருக்கக் கூடாது."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போன் எடுக்கலன்னப்பவே என் மனசு சொல்லுச்சு, கிளம்புன்னு. நீ சிரிச்ச. நானும் சிரிச்சேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் விரல்களில் கறை ஏறக்குறைய மறைந்துவிட்டிருந்தது. வேறு யாருடைய விரல்களையோ தொடுவதுபோல் இருந்தது. "உன்மேல கோவம் இருக்கு மும்தாஜ். அவர்மேலயும் இருக்கு. என்மேல இருக்கறது எல்லாத்தையும்விட ஜாஸ்தி. போயிடும் போயிடும்னு பாக்கறேன், போகல. ஆனா இதை உன்கிட்ட சொல்லாம நான் யார்கிட்ட போய் சொல்றது, சொல்லு?"

வண்டி வந்தது. ஏறும்போது, "மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிடு. மெஷின்ல உக்காந்தா உனக்குப் பசி தெரியாது" என்றார்.

அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, பிளெஸ்ஸியின் பிறந்தநாளன்று, அவரிடமிருந்து போன் வரும். அவளைப் பற்றிப் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். என்ன சமையல், அங்கே மழை உண்டா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதோடு சரி. அண்ணன் தவறிப்போனதைக்கூட அப்படி ஒரு போனில், கத்திரிக்காய்க் குழம்புக்கும் மழைக்கும் நடுவில்தான் சொன்னார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒருபோதும் போனதில்லை. அந்த ஐந்து நிமிஷத்துக்காகக் காலையிலிருந்து மெஷின் பக்கமே போகாமல் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருஷம் பிறந்தநாள் வந்து பதினோரு நாள் ஆகிறது. போன் வரவில்லை. அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். நான் கூப்பிட்டு, அந்தப் பக்கம் வேறு யாருடைய குரலாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் கூப்பிடாமல் இருக்கிறேன்.